சேஃப்டி கண்ணாடி, காகிள்ஸ், ஃபேஸ் ஷீல்டு: எந்த வேலைக்கு எது, எப்படிப் போடுவது?

பட்டறையில் ஒருவர் கண்ணில் இரும்புத் துகள் விழுந்துவிட்டால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “கண்ணாடி போட்டிருந்தாரா இல்லையா?” என்பதுதான். “போட்டுத்தான் இருந்தார்” என்று பதில் வந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நேரம் சரியில்லை என்று சொல்லிக் கலைந்துவிடுவார்கள். உண்மையில் கேட்க வேண்டியதெல்லாம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. எந்த வகைக் கண்ணாடி? முகத்தில் எப்படி உட்கார்ந்திருந்தது? துகள் எந்தப் பக்கமாகப் புகுந்தது?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் வேலையிடக் கண் காயங்களை ஆராய்ந்து 1980-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காயம்பட்டவர்களில் ஐந்தில் மூன்று பேர் எந்தப் பாதுகாப்பும் அணிந்திருக்கவில்லை. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அணிந்திருந்தும் காயம்பட்டவர்கள் கணக்குதான் கவனிக்க வேண்டியது. அவர்களில் 94 விழுக்காட்டினருக்குத் துகளோ திரவமோ கண்ணாடியின் ஓரமாகவோ அடியிலோ புகுந்துதான் கண்ணுக்குப் போயிருக்கிறது. பறந்து வந்த பொருள்களில் ஐந்தில் மூன்று, குண்டூசித் தலையைவிடச் சிறியவை என்றும் காயம்பட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு சிறிய பொருளுக்குப் புருவத்துக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும்.

கடையில் நாம் கண்ணாடி வாங்கும்போது என்ன செய்கிறோம்? லென்ஸைத் தட்டிப் பார்க்கிறோம், “உடையாதுல்ல?” என்று கேட்கிறோம். ஓரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த ஒப்பீட்டில் நான் ஓரத்துக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுக்கப்போகிறேன். அடுத்த மதிப்பெண், ஷிப்ட் முழுக்கக் கழற்றாமல் போட்டிருக்க முடியுமா என்பதற்கு.

கண்ணுக்கு வரும் ஆபத்தைப் பிரித்துப் பார்த்தால் தேர்வு பாதி முடிந்துவிடும். சில நேராகப் பறந்து வரும்: உலோகச் சீவல், கல் சில்லு, தெறிக்கும் ஆணி. சில சுற்றி வளைத்து வரும்: மிதக்கும் தூசி, தெறிக்கும் திரவம், ஆவி. வெளிச்சமாக வருவது தனி வகை. நேராக வருவதற்குச் சேஃப்டி கண்ணாடி, சுற்றி வருவதற்கு முகத்தோடு ஒட்டி உட்காரும் காகிள்ஸ், வெளிச்சத்துக்கு அதற்கென்றே செய்த வடிகட்டும் லென்ஸ். முகம் முழுக்க மறைக்கும் ஃபேஸ் ஷீல்டு என்பது இவற்றுக்கு மேல் கூடுதலாகப் போடுவது. அதை மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பதுதான் நான் பார்த்த பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

சேஃப்டி கண்ணாடி: தினசரி வேலைக்கு முதல் தேர்வு

லேசானது, வியர்வையில் அதிகம் மங்காது, பார்வையை மறைக்காது. காலையில் போட்டால் மாலையில்தான் கழற்ற வேண்டும் என்றால் இதுதான் சரி. லேத், ட்ரில்லிங், அசெம்பிளி, ஆணி அடிப்பது, தச்சு வேலை எல்லாவற்றுக்கும் அடிப்படை இது. தொழிற்சாலைக்குள் சும்மா நடந்து போகிறவருக்கும் இது போதும்.

இதிலேயே இரண்டு வடிவங்கள் உண்டு. தட்டையான லென்ஸும் பக்கவாட்டில் தனித் தடுப்பும் கொண்டது ஒன்று. முகத்தின் வளைவோடு சேர்ந்து வளைந்து, லென்ஸே நெற்றிப்பொட்டுவரை போவது இன்னொன்று. பொருந்தினால் வளைந்ததுதான் நல்லது, ஏனென்றால் பக்கவாட்டுப் பார்வை முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் “பொருந்தினால்” என்பது பெரிய நிபந்தனை. ஒரே மாடல் எல்லா முகத்துக்கும் ஒத்துவராது. மூக்குத் தண்டு தாழ்ந்தவர்களுக்கும், முகம் ஒடுக்கமானவர்களுக்கும் அது கன்னத்தில் போய் உட்கார்ந்து மேலே புருவத்தில் திறந்துவிடும். பல பெண் தொழிலாளர்கள் “இது நிற்கவே மாட்டேங்குது” என்று சொல்வது சோம்பலால் அல்ல. அந்த ஃப்ரேம் அவர்கள் முக அளவுக்குச் செய்ததல்ல, அவ்வளவுதான்.

பொருத்தம் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரை ஒரு சின்ன டார்ச் எடுத்து மேலிருந்தும், கீழே கன்னப் பக்கத்திலிருந்தும், இரண்டு காதுப் பக்கத்திலிருந்தும் முகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். லென்ஸைத் தொடாமல், இடைவெளி வழியாக வெளிச்சம் நேரே இமைமேல் விழுகிறதா என்று அவர் பார்க்கட்டும். வெளிச்சம் போகிற வழியில் துகளும் போகும். இரண்டு மூன்று மாடல்களை இப்படிச் சோதித்தாலே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அப்புறம் தலையைக் குனிந்து லேசாக உலுக்குங்கள். நழுவினால் அது உங்கள் கண்ணாடி இல்லை.

போடும் விதத்துக்கு வருவோம். கண்ணாடி மூக்கின் மேல்பகுதியில், புருவத்தை ஒட்டி உட்கார வேண்டும். மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேலாகப் பார்த்து வேலை செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலையில் லென்ஸ் கன்னத்தைத்தான் காப்பாற்றுகிறது. காதுக்கம்பியை வளைத்துச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சில மாடல்களில் லென்ஸின் சாய்வையே மாற்றலாம். கீழ் விளிம்பு கன்னத்தை நோக்கிச் சாய்ந்தால் அடி இடைவெளி குறையும்.

சத்தத்துக்காகக் காதை மூடும் இயர்மஃப் போடுகிறவர்கள் தடித்த காதுக்கம்பி உள்ள கண்ணாடியை வாங்கக் கூடாது. இயர்மஃபின் மெத்தை கம்பிமேல் ஏறி நிற்கும். சத்தமும் உள்ளே வரும், தலையும் வலிக்கும். கடைசியில் இரண்டில் ஒன்றைக் கழற்றிவிடுவார்கள், பெரும்பாலும் கண்ணாடியைத்தான். மெல்லிய, தட்டையான கம்பியுள்ளதோ, கம்பிக்குப் பதில் பட்டை வைத்ததோ அவர்களுக்குச் சரிவரும்.

கண்ணாடி எங்கே தோற்கும்? தலைக்கு மேலே கை தூக்கிச் செய்யும் வேலையில். கூரையில் ஓட்டை போடும்போது தூசி மேலிருந்து கொட்டுகிறது, அண்ணாந்து பார்க்கும்போது கண்ணாடியின் மேல் இடைவெளி வாய் திறந்து நிற்கிறது. மாவு போன்ற நுண்தூசியிலும் தோற்கும். எந்தத் திரவத்துக்கும் இது தடுப்பு இல்லை. ஆசிட் ஊற்றும்போது சேஃப்டி கண்ணாடி போட்டிருந்தேன் என்பது பாதுகாப்பு இல்லாததற்குச் சமம்.

பவர் கண்ணாடி போடுகிறவர்கள் என்ன செய்வது?

“நான்தான் ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிறேனே” என்ற பதிலை எல்லா வேலையிடத்திலும் கேட்கலாம். வீட்டில் போடும் பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கத் தடுப்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஃப்ரேமில் இருக்கிறது. சாதாரண ஃப்ரேமில் பலமாக அடிபட்டால் லென்ஸ் பின்பக்கமாகக் கழன்று நேரே கண்ணில் போய் இடிக்கும். பாதுகாப்பு ஃப்ரேமை, லென்ஸ் பின்னால் போகாமல் பிடித்து நிறுத்தும்படி செய்திருப்பார்கள். அதனால் கெட்டியான லென்ஸைச் சாதாரண ஃப்ரேமில் போட்டு வாங்குவதும் தீர்வாகாது.

இவர்களுக்கு மூன்று வழிகள். பவர் கண்ணாடிக்கு மேலேயே போடும் பெரிய சேஃப்டி கண்ணாடி, பவர் லென்ஸ் போட்டே செய்த சேஃப்டி கண்ணாடி, உள்ளே பவர் லென்ஸ் செருகும் காகிள்ஸ்.

மேலே போடுவது எப்போதாவது பட்டறைக்கு வருகிறவருக்கும் பார்வையாளருக்கும் சரி. எட்டு மணி நேரத்துக்குச் சரிப்படாது. இரண்டு ஜோடிக் கண்ணாடியின் எடை மூக்கில், நான்கு பரப்புகளில் தூசி, நடுவில் மங்கல், விளக்கு வெளிச்சம் இரட்டையாகத் தெரிவது என்று தொல்லைகள் வரிசையாக வரும். உள்ளே இருக்கும் கண்ணாடி வெளிக் கண்ணாடியை முன்னே தள்ளிக் கன்னப் பக்கம் இடைவெளி உண்டாக்குவதும் உண்டு. தினமும் போடுகிறவருக்குப் பவரோடு செய்ததை வாங்கித் தருவதுதான் என் கணக்கில் சரியான முடிவு. ஆரம்பத்தில் செலவு கூடுதல்தான். ஆனால் அது மூலையில் தொங்காது, முகத்தில் இருக்கும். வாங்கும்போது எந்தத் தூரத்தில் பார்த்து வேலை செய்கிறீர்கள் என்பதைக் கண் பரிசோதகரிடம் சொல்லுங்கள். படிப்பதற்கான பவரும் லேத்தில் நிற்பதற்கான பவரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே வேலை செய்கிறவருக்கு லென்ஸின் அடியில் மட்டும் கிட்டத்தில் பார்க்கும் பகுதி இருந்தால் கழுத்துதான் வலிக்கும்.

கான்டாக்ட் லென்ஸ் கண்ணுக்குக் காப்பு அல்ல. போட்டுக்கொண்டு வேலை செய்யலாம், ஆனால் அதற்கு மேலே மற்றவர்களுக்கு என்னவோ அதே கண்ணாடியோ காகிள்ஸோ வேண்டும்.

காகிள்ஸ்: காற்றுத் துளையைப் பார்த்து வாங்குங்கள்

முகத்தோடு ஒட்டி உட்காரும் காகிள்ஸ் ஓர இடைவெளிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது. பதிலுக்கு அது கேட்கும் விலை மங்கல். இந்த இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்வதுதான் காற்றுத் துளை. காகிள்ஸ் வாங்குகிற பலர் இந்தத் துளையைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பக்கவாட்டில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் நேராகத் தெரிந்தால் அது நேர் காற்றுத்துளை வகை. காற்று நன்றாகப் போகும், மங்குவது குறைவு. கல் உடைப்பது, மரம் அறுப்பது மாதிரி பெரிய துகள் பறக்கும் வேலைக்கு ஏற்றது. ஆனால் அந்த ஓட்டை வழியே திரவம் நேராக உள்ளே வரும். ரசாயனத்துக்கு இதைக் கொடுப்பது ஆபத்து. மூடி போட்டு, காற்று வளைந்து போகும்படி செய்தது மறைமுகத் துளை வகை. தெறிக்கும் துளி வளைந்து உள்ளே போக முடியாது. ஆசிட், காரம், கிருமிநாசினி, சிமென்ட்டுக் கலவை, சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் இதுதான். துளையே இல்லாதது ஆவிக்கும் மிக நுண்ணிய தூசிக்கும். அது சீக்கிரம் மங்கும், அதனால் தேவையில்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

ரசாயன வேலையில் இன்னொரு செய்தி. ஆசிட் என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள், சுண்ணாம்புக்கும் காஸ்டிக் சோடாவுக்கும் அவ்வளவு பயப்படுவதில்லை. கண்ணைப் பொறுத்தவரை காரம்தான் பெரும்பாலும் மோசமானது. ஆசிட் படும் இடத்தில் திசுவின் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஈரச் சிமென்ட்டும் காரம்தான். அதனால் கலவை போடுகிறவருக்கும் பூசுகிறவருக்கும் மறைமுகத் துளைக் காகிள்ஸ் ஆடம்பரம் இல்லை. எந்தக் காகிள்ஸ் வாங்கினாலும், கண் கழுவும் குழாய் பத்து வினாடி நடையில் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள். பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் மருத்துவரிடம். அந்த நேரத்தில் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

போடும்போது பட்டை எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். தலையின் பின்பக்கம், காதுக்கு மேலாக, மண்டை வளைவின் கீழ்ப்பகுதியில் உட்கார வேண்டும். உச்சந்தலைப் பக்கம் ஏற்றிவிட்டால் காகிள்ஸின் அடிப்பகுதி கன்னத்திலிருந்து தூக்கிக்கொள்ளும், கழுத்துவரை இறக்கினால் மேல்பகுதி திறக்கும். பட்டை முறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். இறுக்கம் அளவாக இருக்கட்டும். கழற்றினால் முகத்தில் ஆழமான வளையம் தெரிகிறது என்றால் அது அதிகம். அந்த வலியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். நெற்றியில் இருக்கும் காகிள்ஸ் தூசியையும் வியர்வையையும் சேர்த்துவைத்து, திரும்ப இறக்கும்போது கண்ணுக்குள் கொட்டும்.

மாஸ்க்கும் காகிள்ஸும் சேர்ந்தால் வரிசை முக்கியம். முதலில் மாஸ்க்கைப் போட்டு மூக்குப் பட்டியை அழுத்திப் பொருத்த வேண்டும். அதற்கு மேல் காகிள்ஸ், மாஸ்க்கின் விளிம்பைத் தள்ளாதபடி. காகிள்ஸ் மங்கிக்கொண்டே இருக்கிறது என்று புகார் வந்தால் முதலில் மாஸ்க்கைச் சோதியுங்கள். பல நேரம் மூச்சுக்காற்று மூக்கின் மேல்பக்கமாகக் கசிந்து வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதாவது மாஸ்க்கே சரியாக உட்காரவில்லை.

மங்கலைத் தடுக்கப் பூச்சு போட்ட லென்ஸ் கிடைக்கிறது. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் உலர்ந்த துணியால் தேய்த்தால் சீக்கிரம் போய்விடும். நடுவில் காற்றிடைவெளி விட்ட இரட்டை லென்ஸ் காகிள்ஸ் குளிர்ந்த இடத்துக்கு இன்னும் நல்லது. மங்கல் என்பது சொகுசு விஷயம் என்று நினைக்கிற சூப்பர்வைசர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பார்வை மறைந்தால் கை முதலில் போவது காகிள்ஸைக் கழற்றத்தான், இயந்திரத்தை நிறுத்த இல்லை.

ஃபேஸ் ஷீல்டு: தனியாக நிற்காது

முகம் முழுக்க மறைப்பதால் இதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது என்று தோன்றும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான அன்சியின் தரம் இதை இரண்டாம் நிலைக் காப்பு என்றே வகைப்படுத்துகிறது. அதாவது உள்ளே கண்ணாடியோ காகிள்ஸோ கட்டாயம். காரணம் எளிது. ஷீல்டின் கீழும் பக்கமும் திறந்திருக்கிறது. நெஞ்சில் பட்டுத் தெறித்த பொறி மோவாய் வழியாக மேலே ஏறும். வேலையை முடித்து ஷீல்டைத் தூக்கி, பீஸைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் பக்கத்து ஆள் கிரைண்டரைப் போடுவார். இந்த இரண்டாவது வழியை எந்தத் தரச் சோதனையும் பிடிக்காது, உள்ளே போட்ட கண்ணாடிதான் பிடிக்கும்.

அப்படியானால் ஷீல்டு எதற்கு? கை கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். 4 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர். ஐரோப்பிய இ.என். 166 தரத்தில் சேஃப்டி கண்ணாடிகளைச் சோதிக்கும் வேகம் நொடிக்கு 45 மீட்டர், அதுவும் ஒரு கிராமுக்கும் குறைவான 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டால். சக்கரம் உடைந்து ஒரு துண்டு பறந்தால் அது அந்தக் குண்டைவிடக் கனமாகவும் வேகமாகவும் இருக்கும். பல்லையும் தாடையையும் கண்ணாடி காப்பாற்றாது. அதனால் கட்டிங் வீல் போட்ட கிரைண்டருக்குக் கண்ணாடியும் ஷீல்டும் சேர்ந்தே வேண்டும், கிரைண்டரின் இரும்புக் காப்பையும் கழற்றக் கூடாது. வெட்டும் சக்கரத்தை வைத்துப் பக்கவாட்டில் தேய்க்கிற பழக்கத்தையும் நிறுத்த வேண்டும், சக்கரம் உடைவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ரசாயனத்தைக் கேனிலிருந்து ஊற்றும்போதும் இதே ஜோடிதான், ஆனால் உள்ளே கண்ணாடிக்குப் பதில் மறைமுகத் துளைக் காகிள்ஸ். இங்கே ஷீல்டின் பொருளும் மாறும். அடிதாங்கப் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் சிறந்தது, ஆனால் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் அது வெளிறி வெடிப்பு விடும். பல ரசாயனத் தெறிப்புகளை அசிட்டேட் ஷீல்டு அதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் அசிட்டோன் அதையும் கரைத்துவிடும், அடிக்கும் அது அவ்வளவு தாங்காது. ஒரே ஷீல்டைக் கிரைண்டருக்கும் ரசாயனத்துக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

வெல்டிங்: இங்கே எதிரி வெளிச்சம்

வெல்டிங்கைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், தேர்வுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். லென்ஸின் கருமைக்கு எண் உண்டு. கேஸ் கட்டிங்குக்குத் தகட்டின் தடிமனைப் பொறுத்து 3 முதல் 6, கேஸ் வெல்டிங்குக்கு 4 முதல் 8. ராடு வைத்துச் செய்யும் ஆர்க் வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியருக்கு 10, 160 முதல் 250 வரை 12 என்பது பொதுவான பரிந்துரை. கேஸ் வெல்டிங் காகிள்ஸைப் போட்டு ஆர்க் அடிக்கக் கூடாது. அதே நேரம் இருப்பதிலேயே கறுப்பானதை வாங்கினால் நல்லது என்பதும் சரியல்ல. உலோகம் உருகி நிற்கும் குளம் தெரியாவிட்டால் வெல்டர் முகத்தைக் கிட்டே கொண்டுபோவார், அல்லது ராடு தொடும் இடம் தெரியாமல் ஹெல்மெட்டைத் தூக்கி வைத்துத் தொடங்குவார். கருமையானதில் ஆரம்பித்து, பரிந்துரைத்த குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே போகாமல், உருகும் குளம் தெளிவாகத் தெரியும் எண்ணுக்கு இறங்கி வருவதே முறை.

தானாகக் கருக்கும் ஹெல்மெட் வாங்கலாமா, பழைய மாதிரி போதுமா? நாள் முழுக்க டாக் அடிக்கிறவருக்கு, அதாவது சின்னச் சின்னப் புள்ளியாக வெல்டு வைக்கிறவருக்கு, யோசிக்காமல் தானியங்கி. ஆர்க் எரியாதபோதும் முன்னால் தெரிவதால் ஹெல்மெட்டைத் தூக்கி இறக்கும் வேலை இல்லை. கழுத்தை வெடுக்கென்று ஆட்டி ஹெல்மெட்டை இறக்கும் அந்தப் பழக்கமும், இறங்குவதற்கு முன்பே ஆர்க் பிடித்துவிடும் விபத்தும் குறையும். புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தரமான ஹெல்மெட்டின் லென்ஸ் கருக்காத நிலையிலும் தடுத்துக்கொண்டே இருக்கும். எப்போதாவது வெல்டிங் செய்கிறவருக்குப் பழைய நிலையான லென்ஸ் போதும், பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்ற கவலையும் இல்லை.

எந்த ஹெல்மெட்டானாலும் உள்ளே தெளிவான சேஃப்டி கண்ணாடி இருக்கட்டும். வெல்டிங்கில் கண்ணுக்குள் போகும் துகள் பெரும்பாலும் ஆர்க் எரியும்போது வருவதில்லை. ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, வெல்டின்மேல் படிந்த ஸ்லாக் என்ற கசடைச் சுத்தியலால் தட்டும்போது வருகிறது. அப்புறம், பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாள். அவருக்கு யாரும் எதுவும் தருவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்வார்கள். பளபளப்பான சுவரிலும் தகட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளியே போதும், பல மணி நேரம் கழித்து, தூங்கப் போன பிறகு கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல் தொடங்கும். கருவிழியின் மேல்தோல் வெந்துபோனதன் வலி அது. உதவியாளுக்கும் வடிகட்டும் லென்ஸ் கொடுங்கள், வழிப்போக்கர்களுக்குத் திரை கட்டுங்கள்.

லேசர் இருக்கும் இடத்தில் மேலே சொன்ன எதுவும் செல்லாது. லேசர் கண்ணாடி குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மட்டுமே செய்யப்படுகிறது. ஒரு இயந்திரத்தின் கண்ணாடியை இன்னொன்றுக்குப் போட்டால் சாதாரண நிறக் கண்ணாடி போட்ட மாதிரிதான். கண்ணாடியில் அச்சிட்ட அலைநீளத்தையும் இயந்திரத்தின் தகட்டில் இருப்பதையும் பொருத்திப் பாருங்கள்.

லென்ஸும் முத்திரையும்

தெளிவான பாலிகார்பனேட் லென்ஸ்தான் பெரும்பாலோருக்கு. அடிதாங்கும், லேசு, புற ஊதாவில் பெரும்பகுதியைத் தானாகவே தடுக்கும். கீறல் எளிதில் விழும், ஆகவே கீறல் எதிர்ப்புப் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். கறுப்பு லென்ஸ் வெயிலில் வேலை செய்கிறவருக்கு மட்டும். உள்ளே வந்ததும் இருட்டிப் படிக்கட்டில் தடுக்கும். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் லென்ஸ், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் மாதிரி நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வெளியே போகிறவருக்கு ஒத்துவராது, ஏனென்றால் தெளிவாக மாற நேரம் எடுக்கும். கடைத்தெருவில் விற்கும் கூலிங் கிளாஸ் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

முத்திரை இல்லாத கண்ணாடியை வாங்காதீர்கள். அமெரிக்க முறையில் இசட்87 என்று இருக்கும். பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் அதிவேக அடியையும் தாங்குமாறு சோதித்தது. லென்ஸிலும் இருக்க வேண்டும், ஃப்ரேமிலும் இருக்க வேண்டும். ஐரோப்பிய இ.என். 166 முறையில் அடிக்கான எழுத்து எஃப், பி, ஏ என்று ஏறுவரிசையில் போகும்: நொடிக்கு 45, 120, 190 மீட்டர். காதுக்கம்பிக் கண்ணாடிக்கு எஃப் வரைதான், காகிள்ஸுக்கு பி வரை, ஷீல்டுக்கு மட்டுமே ஏ. ஃப்ரேமில் 3 என்ற எண் திரவத்துக்கு, 4 பெரிய தூசிக்கு, 5 வாயுவுக்கும் நுண்தூசிக்கும், 9 உருகிய உலோகத்துக்கு. இப்போது ஐ.எஸ்.ஓ. 16321 என்ற புதிய தரம் வந்திருக்கிறது, அதன் குறியீடுகள் வேறு. எனவே பெட்டியில் இருக்கும் விளக்கச் சீட்டைத் தூக்கி எறிவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒரே வகையை எல்லோருக்கும் வாங்கலாமா?

கொள்முதல் பிரிவு விரும்புவது அதைத்தான். ஒரே மாடல், மொத்தக் கணக்கு, வேலை முடிந்தது. அதிலும் சில இடங்களில் “எதற்கும் இருக்கட்டும்” என்று எல்லோருக்கும் காகிள்ஸ் கொடுத்துவிடுவார்கள். காகிதத்தில் அது கூடுதல் பாதுகாப்பு. நடைமுறையில் அரை மணி நேரத்தில் பாதிப் பேர் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். நாள் முழுக்க நன்றாகப் பொருந்திய கண்ணாடி போட்டிருப்பவர், அவ்வப்போது மட்டும் காகிள்ஸ் போடுகிறவரைவிடப் பத்திரமாக இருக்கிறார்.

என் தேர்வு இப்படி இருக்கும். எல்லோருக்கும் அவரவர் முகத்துக்குச் சோதித்துக் கொடுத்த சேஃப்டி கண்ணாடி, குறைந்தது மூன்று அளவுகளில், அவரவர் பெயர் போட்டு. காகிள்ஸ் தேவைப்படும் ஆளுக்குக் கொடுப்பதோடு, எந்த வேலைக்குத் தேவையோ அந்த இடத்திலேயே மூடிய பெட்டியில் மாற்று ஜோடிகள்: ஆசிட் தொட்டி அருகில், கலவை இயந்திரம் அருகில். ஷீல்டு கிரைண்டரோடு சேர்ந்தே தொங்கட்டும். கிரைண்டரை எடுக்கிற கை அதையும் எடுக்கும். ஒருவரே காலையில் ட்ரில்லிங், மதியம் கிரைண்டிங், மாலையில் ரசாயனக் கழுவல் என்று மாறுகிறார் என்றால் அவர் கண்ணாடியைக் கழற்றுவது ரசாயன வேலையில் காகிள்ஸுக்கு மாறும்போது மட்டும்தான். மற்ற நேரம் அதன்மேல் ஷீல்டு ஏறி இறங்கும்.

கழற்றுவதும் சரியாகத் தெரிய வேண்டும். கிரைண்டிங் முடிந்ததும் கண்ணாடியின் மேல் விளிம்பிலும் புருவத்திலும் தலைமுடியிலும் இரும்புப் பொடி உட்கார்ந்திருக்கும். நிமிர்ந்த நிலையில் சட்டென்று கழற்றினால் அது நேரே கண்ணில் கொட்டும். தலையை முன்னால் குனிந்து, கண்ணை மூடி, நெற்றியையும் புருவத்தையும் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் முன்னோக்கி எடுங்கள். கண்ணாடியை எடுத்த கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. காற்றுக் குழாயை முகத்துக்குப் பிடித்து ஊதுவது பல பட்டறைகளில் வழக்கம், அதை நிறுத்தவே வேண்டும். அதையும் மீறி இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டிக்கொண்டால் பக்கத்து ஆள் கைக்குட்டை நுனியால் எடுக்க முயல வேண்டாம். சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துரு வளையம் உண்டாகத் தொடங்கும், துகளோடு அதையும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் உளியை அடிக்கும்போது “ஏதோ சுருக்கென்று பட்டது” என்று சொன்னால், வலி இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள். காளான் மாதிரி விரிந்த உளித் தலையிலிருந்து பிய்யும் சில்லு கண்ணுக்குள்ளேயே போய்விடும், வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது.

சுத்தம் செய்ய முதலில் தண்ணீர் ஊற்றிப் பொடியைக் கழுவுங்கள், அப்புறம் லேசான சோப்பு, கடைசியில் மென்மையான துணி. சட்டை முனையால் உலர்வாகத் துடைப்பது லென்ஸில் மணல்தாள் தேய்ப்பதுதான். கண்ணாடியைக் கவிழ்த்து மேஜையில் வைக்காதீர்கள், கருவிப் பெட்டியில் ஸ்பேனரோடு போடாதீர்கள். நடுப்பார்வையில் கீறல் தெரிந்தாலோ, லென்ஸ் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தாலோ, பட்டை தளர்ந்து இழுவை போயிருந்தாலோ மாற்றுங்கள். பலமாக ஓர் அடி வாங்கிய கண்ணாடி வெளியே ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தாலும் குப்பைக்குப் போக வேண்டும். இன்னொருவர் எடுத்துப் போட்டுவிடாதபடி காதுக்கம்பியை ஒடித்துவிட்டுப் போடுங்கள்.